எட்டாவது பங்கு

காலை மணி ஆறு இருபது. நான் முதலில் பார்த்தது இரண்டு கால்களை. எங்கள் வீட்டு முன்கதவின் கீழ்ப்பலகை உளுத்துப்போய் ஒரு சாண் உயரத்துக்கு உடைந்திருந்தது. தரையில் பாயில் படுத்திருந்த எனக்கு அந்த இடைவெளியில் ஐந்தடி நடைபாதையின் சிவப்புத் தரையும், அதில் மழைநீர் சொட்ட நின்ற இரண்டு கால்களும் தெரிந்தன. செருப்பு இல்லை. வலது காலில் கணுக்காலிலிருந்து மேலேறிய ஒரு பெரிய தழும்பு மீன் வயிற்றைப் போலப் பளபளத்தது. கால்கள் அசையவில்லை. கதவும் தட்டப்படவில்லை.

மணியை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷமும் நம் ஊர்க் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தில் ஓடியது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அவன் போனதும் பெரியப்பா சுவர்க் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். அதன் பிறகுதான் எனக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கண் விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்ல வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. அன்றும் சொன்னேன். அதோடு, வெளியே யாரோ நிற்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

அம்மாதான் போய்த் திறந்தாள். வெளியே நின்றவர் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்துத் தலையைக் குனிந்திருந்தார். காக்கி அரைக்கால்சட்டை, யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குத் தைத்த தொளதொளச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. அம்மா அவர் முகத்தைப் பார்த்தது சிறிது நேரம்தான். பிறகு அவர் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை.

"உள்ள வரலாமா, அண்ணி?" என்று கேட்டார் அவர்.

அவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. அது அவர் பிறந்து வளர்ந்த வீடு.

வீடு என்றால், பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று இன்று பலகை மாட்டியிருக்கும் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டின் கீழ்த்தளம். அப்போது அதற்குப் பிட் தெரு என்று பெயர். பள்ளிவாசலின் வெள்ளைக் கூம்பும், அதற்கு இந்தப் பக்கம் குண்டு விழுந்து கூரை போன ஒரு கடைவரிசையும் எங்கள் வாசலிலிருந்து தெரியும். கூரை போன கடைகளுக்குள் பப்பாளி முளைத்திருந்தது. அந்தப் பப்பாளிகள் யாருக்குச் சொந்தம் என்பது குறித்துத் தெருவில் சண்டை நடக்கும்.

வீட்டுக்குத் தலைவர் பெரியப்பா. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அப்புறம் பெரியம்மா, அவர்களுடைய இரண்டு மகன்கள், அம்மா, நான். என் அப்பா தொங்காங் படகுகளில் சுமை ஏற்றி இறக்குகிறவர். சண்டையின் நடுவில் ஒருநாள் தேங்காயெண்ணெய் வாங்கச் சந்தைக்குப் போனார். சந்தையின் இரண்டு வாசலையும் அடைத்து லாரிகள் நின்றன என்று பிறகு சொன்னார்கள். அதில் ஏற்றிக்கொண்டு போன ஆண்கள் சயாமில் ரயில் பாதை போடப் போயிருப்பதாகவும் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து எண்ணெய்ப் புட்டி மட்டும் யாரோ கொண்டுவந்து கொடுக்க, வந்து சேர்ந்தது. காலியாக.

சித்தப்பா போனது அதற்கு முன்னால். சண்டைக்கு முன் சீனர் கடை ஒன்றின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர், தன்னார்வப் படையில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தார். சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டார். கைதிகளோடு கைதியாகச் சரக்கு வண்டியில் அதே சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே காட்டுக்குப் போனார்கள், ஒருவர் கூலியாக, ஒருவர் கைதியாக. ஒருவர் போனது மற்றவருக்குத் தெரியாது.

அதனால் அன்று காலையில் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, என் அப்பாவை அங்கே பார்த்தாயா என்பதுதான். சித்தப்பா கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். அது காப்பி இல்லை, வறுத்த மரவள்ளித் தூள். நாங்கள் அதைக் காப்பி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அண்ணனுமா போனாரு?" என்றார்.

பிறகு அவரே, அந்தப் பாதை மிகவும் நீளம், இங்கிருந்து சிங்கப்பூர் போகிற தூரத்தில் பாதிக்கு மேல் இருக்கும், காட்டுக்குள் ஒரு கேம்ப்புக்கும் அடுத்த கேம்ப்புக்கும் தொடர்பே கிடையாது என்று சொன்னார். பெரியப்பா தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் சயாம் என்பது ஒரு சந்தைத் திடல் அளவுக்கான இடம். அங்கே போன இரண்டு பேர் சந்தித்திருக்கத்தான் வேண்டும்.

வந்த மூன்றாம் நாள் சித்தப்பா பெரியம்மாவிடம் அகப்பையைக் கேட்டார்.

நம் வயதில் அந்த நாட்களின் சோற்றை மறந்தவர் இருக்க மாட்டார்கள். சுண்ணாம்பு நெடி அடிக்கும் ரேஷன் அரிசி ஒரு பங்கு, ஊபி என்ற மரவள்ளிக்கிழங்கு இரண்டு பங்கு. பெரியம்மா கண்ணளவில் பரிமாறுவாள். பெரியப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் மேலாக இருக்கும் சோறு, எனக்குக் கலவை, அவளுக்கும் அம்மாவுக்கும் கடைசியில் கிழங்கும் அடியில் தீய்ந்த காந்தலும். அவள் கள்ளத்தனம் எதுவும் செய்யவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவள் வயிறும் காய்ந்துதான் கிடந்தது.

சித்தப்பா தன் துணிப்பையிலிருந்து ஒரு தகரக் குவளையை எடுத்தார். விளிம்பில் நீல வளையம், அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓட்டை. கூடவே விரல் நீளத்தில் வழுவழுப்பான ஒரு மூங்கில் பட்டை. சோற்றையும் கிழங்கையும் அடிவரை கிளறிக் கலந்தார். குவளையை நிரப்பிப் பட்டையால் வாயை வழித்துச் சமப்படுத்தினார். ஒரு தட்டில் கவிழ்த்தார். மறுபடி நிரப்பினார், வழித்தார், கவிழ்த்தார். பெரியப்பா தட்டிலும் என் தட்டிலும் ஒரே உயரத்துக்குக் குவளையின் வடிவத்தில் சோறு நின்றது. எல்லாத் தட்டும் நிறைந்த பிறகு கடைசியாகத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டார்.

பெரியம்மா கோபப்பட்டாள். அவள் கோபம் எப்போதும் பாத்திரங்களின் வழியாகத்தான் வெளிப்படும். அன்று மூடிகள் நெடுநேரம் பேசின. பெரியப்பா, இத்தனை வருஷம் இந்த வீட்டில் நியாயமில்லாமலா சோறு போட்டார்கள் என்று கேட்டார். சித்தப்பா அண்ணியைக் குற்றம் சொல்லவில்லை என்றார். கேம்ப்பில் அகப்பை பிடிப்பது தன் வேலையாக இருந்தது, அதைத் தவிர வேறு வேலை எதுவும் இப்போது கைக்கு வரவில்லை, கொஞ்ச நாள் செய்யட்டுமே என்றார். லாரி ஓட்டியவர் அவர். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கை நடுங்குகிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குவளையைப் பிடிக்கையில் நடுங்கவில்லை.

தட்டுகள் எட்டு இருந்தன. வீட்டில் நாங்கள் ஏழு பேர்.

எட்டாவது, அப்பாவின் தட்டு. வெள்ளை எனாமலில் பச்சை விளிம்பு, ஒரு பக்கம் நகத்தளவு கறுப்பாகப் பெயர்ந்திருக்கும். சித்தப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கியிருந்தார். அதிலும் ஒரு குவளை கவிழ்த்து, இன்னொரு தட்டால் மூடி அலமாரியில் வைத்தார். மாலையில் அதை எடுத்து எல்லோருக்குமான கஞ்சியில் சேர்த்துவிடுவார். ஒரு பருக்கை வீணாகாது. ஆனாலும் மத்தியானத்தில் ஏழு பேர் சோறு எட்டாகப் பிரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மூடிய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானையின் அடியில் ஒட்டிய காந்தலுக்கும் ஒரு முறை இருந்தது. அதற்கு லாகி என்று பெயர். மலாயில் இன்னும் வேண்டும் என்பதற்குச் சொல்லும் சொல்தான். கேம்ப்பில் வெள்ளைக்காரன், மலாய்க்காரன், நம் ஆட்கள் எல்லோரும் அதையே சொன்னார்களாம். பங்கு போட்டது போக மிஞ்சுவது வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒருவருக்கு. எங்கள் வீட்டில் வரிசையை வயதில் சின்னவரிலிருந்து தொடங்கினார். முதலில் நான். பிறகு சின்ன அண்ணன், பெரிய அண்ணன், அம்மா, சித்தப்பா, பெரியம்மா, அப்பா. கடைசியில் பெரியப்பா. பெரியம்மாவைவிட அப்பா ஒரு வயது மூத்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் முறை வரும் நாளில் லாகி எனக்கு. அவர் மகள் என்பதால்.

உப்பும் கொஞ்சம் செம்பனை எண்ணெயும் பிசறிய அந்தக் காந்தலின் கரகரப்பை, இத்தனை வருஷத்தில் எத்தனையோ கடைகளில் சாப்பிட்ட பிறகும், என்னால் வேறு எதிலும் காண முடியவில்லை. வரிசை தெரிந்துவிட்டதால் முந்தின நாளே நாக்கு காத்திருக்கத் தொடங்கும். பெரியம்மாவின் முறை முதன்முதலாக வந்த நாளில் அவள் தட்டை நீட்டவில்லை. சித்தப்பா அவள் அடுப்பங்கரையில் உட்காரும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்தார். அத்தனை வருஷமும் காந்தலைத் தின்றுவந்தது அவளும் அம்மாவும்தான். இன்னொருவர் கொண்டுவந்து வைத்து அன்றுதான் தின்றாள். மூடிகள் அன்று சத்தம் போடவில்லை.

சின்ன அண்ணனுக்கு என் இரட்டை முறை பொறுக்கவில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும், "இவ செத்தவங்க மொறையில திங்கிறா" என்றான். பெரியம்மா எழுந்து வந்து அவன் வாயிலேயே ஒன்று போட்டாள். அவன் அழுதான். அவள் திரும்பிப் போய், ஏற்கெனவே தேய்த்த பானையை மறுபடி தேய்த்தாள்.

தெருவில் சித்தப்பாவுக்கு மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் வாரம் அண்டை அயலார் வந்து அவர் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. சீருடை அணிந்த எவரைப் பார்த்தாலும் அவர் கைகள் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், இடுப்பு வளையும். துறைமுகத்துக் காவலாளியைக் கண்டும், ஒருமுறை சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் ஆளைக் கண்டும் குனிந்தார். தெருப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் போய்த் தாங்களும் குனிந்து காட்டினார்கள். என் அண்ணன்மாரும் அதில் உண்டு.

சந்து முனையில் ஒரு முடிதிருத்துகிறவர் இருந்தார். அவர் மருமகன் அந்தப் பக்கத்துப் படையில், இந்தியாவை மீட்கப் போன படையில் இருந்தவன். சித்தப்பா முடிவெட்ட உட்கார்ந்தபோது அவர் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம பையனுங்க டெல்லிக்குக் கெளம்புனானுங்க. நம்ம தம்பி வெள்ளக்காரனுக்கு லாரி ஓட்டி, சயாமுல போயி மண்ணு வெட்டுனாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

"டெல்லி போய்ச் சேந்தாங்களா, அண்ணே?" என்று மட்டும் கேட்டார். கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் நின்றது. அந்த மருமகனும் அப்போது திரும்பி வந்திருக்கவில்லை. சித்தப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அவர் வீட்டிலேயே முடியை வெட்டிக்கொண்டார். பின்கழுத்தில் படிப்படியாக இருக்கும்.

இரவில் வீட்டுக்குள் படுக்க மாட்டார். ஐந்தடியில் ஒரு பலகை போட்டுப் படுப்பார். காலையில் நான் மணி பார்க்கும் நேரத்துக்கு எழுந்து, பலகையை நிமிர்த்திச் சாய்த்து, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார், யாரோ வந்து எண்ணப் போவது போல. அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்தாயா என்ற கேள்விக்கு அப்பால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

ரேஷன் அளவை இன்னும் குறைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலமாரியில் மூடிய தட்டை வைத்துவிட்டு வந்த சித்தப்பாவிடம் பெரியப்பா பேசினார். அவர் கத்தவில்லை. கிராணிகள் கணக்கைச் சரிபார்க்கும் குரலில் பேசினார்.

"இல்லாதவனுக்கு எதுக்குடா பங்கு?"

சித்தப்பா குவளையைக் கழுவத் தொடங்கினார்.

"பசங்க எலும்புந்தோலுமா நிக்கிறானுங்க. ஏழு பேரு சோத்த எட்டாப் பிரிக்கிறியே, இது எந்த ஊரு கணக்கு? அவளும் தெனம் அந்தத் தட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. இப்படியே எத்தன நாளைக்கு? செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு, அவளும் ஒரு முடிவுக்கு வரட்டும் லா."

செய்ய வேண்டியது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. அம்மாவின் கை கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன்.

"கேம்ப்புல ஆளு வரிசைக்கு வரலேன்னா பங்க நிறுத்த மாட்டோம், அண்ணே," என்றார் சித்தப்பா. "ஆஸ்பத்திரிக் கொட்டாயில கெடப்பான், ஆத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்கு இழுத்துட்டுப் போயிருப்பான். அவன் பங்கு பானையில இருக்கும். பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லணும். பாத்தவன். கேள்விப்பட்டவன் இல்ல. அதுக்கப்புறந்தான் நிறுத்துவோம்."

"ரெண்டு வருஷமாச்சுடா."

"பாத்தவன் வந்து சொல்லட்டும். நானே நிறுத்திடறேன்."

பெரியப்பா எழுந்து கைகழுவப் போனார். மறுநாள் தட்டுகளை எடுத்துப் பரப்பியது அம்மா. எட்டையும் அவளே வைத்தாள். பச்சை விளிம்புத் தட்டைப் பெரியப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வாரத்திலிருந்து சித்தப்பா விடிந்ததும் அக்கரைக்குப் போகத் தொடங்கினார். ஃபெரி ஏறிப் பிறை என்ற ஊருக்குப் போவார், சமையல் முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்து அகப்பையைக் கேட்பார். எங்கே போகிறாய் என்று கேட்டால், சும்மா என்பார். போகும்போது புட்டியில் தேநீர் ஊற்றிக்கொண்டு போவார், வெறும் புட்டியோடு வருவார். பெரியம்மாவுக்கு இது போதுமானதாக இருந்தது. அக்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. என்னை அழைத்துத் தலைவாரி, ரிப்பன் கட்டி, "சித்தப்பாகூட ஃபெரி பாக்கணும்னு அழு. எந்த வூட்டுக்குப் போறாருன்னு பாத்துட்டு வா" என்றாள்.

அழுதேன். கூட்டிக்கொண்டு போனார்.

ஃபெரியில் உப்பும் டீசலும் கலந்த வாசம். நீரில் மூழ்கிய கப்பல் ஒன்றின் கொடிமரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் உச்சியில் ஒரு கடற்பறவை உட்கார்ந்திருந்தது. சித்தப்பா உட்காரவில்லை. அக்கரையில் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நேராகப் பிறை ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடையின் முடிவில் தேநீர்ப் புட்டியோடு நின்றார். அந்த நிலையம் இன்று அங்கே இல்லை. வடக்கேயிருந்து வரும் வண்டி அப்போது அங்கேதான் நிற்கும்.

வண்டி வந்தது. பெரும்பாலும் ஆண்கள் இறங்கினார்கள். கோணிச் சாக்கைச் சுற்றியவர்கள், காலில் துணி கட்டியவர்கள், கண் மஞ்சளாக இருந்தவர்கள். இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாதவர்களைப் போல நின்றார்கள். சித்தப்பா ஒவ்வொருவரிடமாகப் போனார். முதலில் தேநீர் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம் இருந்தீங்க?"

"கான்புரிக்கு மேல."

"பினாங்குக்காரரு ஒருத்தரு. தொங்காங்குல வேல செஞ்சவரு. எடது புருவத்துல வெட்டு இருக்கும். சோறு தின்னும்போது கண்ண மூடிக்குவாரு."

அப்பா சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் முக்கியமானது இன்றும் இதுதான்.

அந்த மனிதர் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். "பாக்கலியே தம்பி. அங்க யாரு மொகத்த யாரு பாத்தா," என்றார்.

சித்தப்பா அடுத்தவரிடம் போனார். வண்டி காலியாகும்வரை அப்படியே. திரும்பும்போது ஃபெரியில் எனக்கு ஒரு வேகவைத்த கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் பெரியம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தாள். ரயில் நிலையத்தில் நிற்கிறார் என்றேன். யாருக்காக என்று கேட்டாள். சயாமிலிருந்து வருகிறவர்களோடு பேசுகிறார் என்றேன். பெரியம்மா சற்று யோசித்தாள். அவள் முகம் தெளிந்தது.

"அப்பிடிச் சொல்லு. சயாம்காரி ஒருத்தி வரப்போறா."

அன்றிலிருந்து அந்த வீடு ஒரு சயாம்காரிக்காகக் காத்திருந்தது. எட்டாவது பங்கும் அவளுக்கான ஒத்திகைதான், அண்ணன் பேரைச் சொல்லி இப்போதே அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறார் என்று பெரியம்மா பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா மறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி, சயாம்காரிகள் மீனைப் பச்சையாகத் தின்பார்கள் என்று ஒரு தகவல் கொடுத்தாள். அண்ணன்மார் அவளுக்கு என்ன பெயர் இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். அம்மா மட்டும் ஒருமுறை என்னிடம், சித்தப்பா அங்கே அவர்களிடம் என்ன கேட்கிறார் என்று விசாரித்தாள். நான் புருவத்து வெட்டையும், கண்ணை மூடிக்கொள்வதையும் சொன்னேன். அவள் அதன் பிறகு சயாம்காரியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை.

போன மாதம் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் தட்டை ஏந்தி நின்றபோது, சோற்றுப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த இளைஞன் கரண்டியின் முதுகால் சோற்றைத் தட்டிச் சமப்படுத்தினான். தற்செயலாகச் செய்ததுதான். நான் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்மணி, "ஆண்ட்டி, கறி அந்தப் பக்கம்," என்று தள்ளிவிட்டாள். அங்கே நம் வயதில் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்களிடம் இதைச் சொல்லத் தொடங்கி, பாட்டுச் சத்தத்தில் முடியாமல் போயிற்று. இப்போது எழுதுவது அதனால்தான்.

சித்தப்பாவைப் பற்றி மிச்சம் கொஞ்சம்தான். கை நடுக்கம் நின்றபின் ஆயர் ஈத்தாம் வழியில் பல வருஷம் பஸ் ஓட்டினார். சயாம்காரியோ வேறு எவளுமோ வரவில்லை. பத்திரிகை வேலையில் இருந்த காலத்தில் அவரிடம் கேம்ப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லி, எழுதலாம் என்று ஒருமுறை உட்கார்ந்தேன். அவர் அகப்பையை எப்படிப் பிடிக்க வேண்டும், அடிச்சோற்றையும் மேல்சோற்றையும் எப்படிக் கலக்க வேண்டும் என்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தத் தகரக் குவளை வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. மூங்கில் பட்டையை அவருடைய சட்டைப் பையில் பார்த்ததுதான் கடைசி.

வீடு சயாம்காரிக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு வெயில் தொடங்கியிருந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போவதைப் பற்றி அண்ணன்மார் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அக்கரையிலிருந்து வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். கூட யாரோ வருவதாகச் சின்ன அண்ணன் ஓடிவந்து சொன்னான். பெரியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு விரைந்தாள்.

வாசலில் ஓர் ஆள் நின்றார். வயதைச் சொல்ல முடியாது. இடுப்பில் சாக்கு, கையில் ஒரு கம்பு. சித்தப்பா உள்ளே கூப்பிட்டும் வர மறுத்து, ஐந்தடியில் குந்தி உட்கார்ந்தார். பெரியம்மா அவரைப் பார்த்தாள். திரும்பி வந்து அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள்.

சித்தப்பா பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன.

"பாத்தவரு வந்திருக்காரு, அண்ணே."

பெரியப்பா எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து வெளியே போய் அந்த ஆளுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தார். அவர்கள் பேசியது உள்ளே கேட்கவில்லை. அந்த ஆள் கம்பைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டி ஒரு பக்கமாகக் காட்டினார். அது ஓர் ஆறு ஓடும் திசையைக் காட்டுவது போல இருந்தது. பிறகு தன் இடது புருவத்தை ஒரு விரலால் தொட்டார். கடைசியாகக் கண்களை மூடித் திறந்தார். பெரியப்பா உள்ளே வந்தபோது யாரையும் பார்க்கவில்லை.

அம்மா அதற்கு முன்பே தட்டுகளைப் பரப்பியிருந்தாள். எட்டு. சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து பானையின் முன்னால் உட்கார்ந்தார். அடிவரை கிளறினார். குவளையை நிரப்பினார், வழித்தார், கவிழ்த்தார். பெரியப்பா, பெரியம்மா, அண்ணன்மார், அம்மா, நான். அவர் கை நடுங்கவில்லை. எட்டாவது குவளையையும் பிரித்துப் போட்டதில் ஒவ்வொரு தட்டிலும் சோறு முந்தின நாளைவிடச் சற்று உயரமாக நின்றது. பச்சை விளிம்புத் தட்டைத் தாண்டித் தன் தட்டில் கவிழ்த்து, அதை எடுத்துக்கொண்டு போய் வெளியே இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அம்மா குனிந்து காலித் தட்டை எடுத்தாள். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு வந்து தன் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

முந்தின நாள் லாகி பெரியம்மாவுக்குப் போயிருந்தது. அடுத்து அப்பாவின் முறை. நான் என் தட்டைப் பானைப் பக்கமாக நகர்த்தி வைத்தேன். சித்தப்பா அதைப் பார்த்தார். பானையைச் சாய்த்துக் காந்தலை ஒரே துண்டாகச் சுரண்டி எடுத்து, கையை நீட்டி, வரிசையில் அடுத்தவரான பெரியப்பாவின் தட்டில் வைத்தார்.

பெரியப்பா அதைச் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.